கடைசிப் பக்கத்து மூன்று வரிகள்



நம் இதழைப் பின்னாலிருந்து பிரிப்பவர்கள் உங்களில் நிறையப் பேர் என்பது எங்களுக்குத் தெரியும். கதையும் கட்டுரையும் எங்கே போய்விடப் போகின்றன? முதலில் யார் வீட்டில் கல்யாணம், யார் தவறிப்போனார் என்று பார்த்துவிட வேண்டும். பெங்களூரின் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி என்று சிதறிவிட்டார்கள். பழைய தெருவோடு அவர்களுக்கு மிச்சமிருக்கும் உறவு சில சமயம் அந்தக் கடைசிப் பக்கம் மட்டுமே. அதனால் இந்த மாதம் அந்தப் பக்கத்தைப் பற்றியே பேசலாம் என்று தோன்றியது. பத்திரிகைகளில் நல்லது கெட்டது அச்சாகத் தொடங்கிய கதை இது. யாருடைய நல்லது கெட்டது அச்சானது, யாருடையது ஆகவில்லை என்ற கதையும்கூட.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். பெங்களூரு என்ற பெயர் எழுத்தில் முதன்முதலாகக் கிடைப்பதே ஒரு சாவுச் செய்தியில்தான். பேகூர் நாகேசுவரர் கோயிலில் கங்கர் காலத்து வீரக்கல் ஒன்று இருக்கிறது, கி.பி. 890 வாக்கில் நட்டது. நாகத்தரன் என்ற தலைவனைச் சேர்ந்த புட்டணசெட்டி என்பவர் பெங்களூருச் சண்டையில் இறந்தார் என்று கன்னடத்தில் அதில் வெட்டியிருக்கிறார்கள். ஆளின் பெயர், யாரைச் சேர்ந்தவர், எந்த இடம், எப்படி இறந்தார் என்ற நான்கும் அதில் உண்டு. இன்று எங்கள் அலுவலகத்துக்கு வரும் அறிவிப்புப் படிவத்தில் நாங்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இவைதான். அந்தச் சண்டையில் யார் வென்றார், எதற்காக மோதிக்கொண்டார்கள் என்பதைவிட அந்த ஒருவரின் பெயர் உறுதியாக நமக்குக் கிடைத்திருக்கிறது.

அச்சுக்கு வருவோம். 1785இல் சென்னையில் மெட்ராஸ் கூரியர் தொடங்கிய பிறகு தென்னிந்தியாவில் இங்கிலீஷ் பத்திரிகைகள் பெருகின. 1809இல் இங்கே கன்டோன்மென்ட் என்ற படைக் குடியிருப்பு உருவானதும் பெங்களூர்ச் செய்திகள் சென்னைப் பத்திரிகைகளுக்குப் போயின. அங்கிருந்து லண்டனுக்கும் போயின. 1816 முதல் 1845 வரை லண்டனில் வெளிவந்த ஏசியாட்டிக் ஜர்னல் என்ற மாத இதழ், சென்னை மாகாணத்துப் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் தனிப் பட்டியலாகவே போட்டது. அதில் பெங்களூர் அடிக்கடி வரும். கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போன காலம். செய்தி போய்ச் சேர நான்கைந்து மாதம் ஆகும். இங்கே காலராவில் இறந்த ஓர் இளம் அதிகாரியின் தாய் அங்கே அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்திருப்பார், அந்தப் பட்டியலைப் பார்க்கும் நாள்வரைக்கும்.

அந்த வரிகளுக்கு ஓர் அச்சு வார்ப்பு உண்டு. இன்ன தேதி, பெங்களூரில், இன்ன படைப்பிரிவின் கேப்டன் இன்னாருடைய மனைவிக்கு ஆண் குழந்தை. அவ்வளவுதான். கேப்டனுக்குப் பெயர் உண்டு, படைப்பிரிவுக்கு எண் உண்டு. குழந்தையைப் பெற்றவளுக்குப் பெயர் கிடையாது. கல்யாணத்தின்போது ஒரு முறை, இறந்தபோது இன்னொரு முறை என்று இரண்டு தடவை அவள் பெயர் பத்திரிகையில் வரலாம். நடுவில் உள்ள வாழ்க்கை முழுக்க அவள் இன்னாருடைய மனைவி.

வெள்ளைக்காரப் பெண்ணுக்கே இப்படி என்றால், அந்த வீட்டின் சமையல்காரர், ஆயா, குதிரைக்காரர், படையோடு சென்னைப் பக்கத்திலிருந்து நடந்தே வந்த மூட்டைதூக்கி, கொத்தனார், சலவைத் தொழிலாளி ஆகியோரைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. கன்டோன்மென்டைக் கட்டி எழுப்பியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்ததாரர் ஆற்காடு நாராயணசாமி முதலியாரின் பெயர் அவர் 1873இல் தொடங்கிய பள்ளியின் வழியாக நிற்கிறது. அந்தச் செங்கல்லைச் சுமந்தவர்கள் எந்தத் தேதியில் பிறந்தார்கள், யாரைக் கட்டினார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதைச் சொல்ல ஒரு வரி அச்சாகவில்லை. இதே காலத்தில் சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவேடுகள் லண்டனுக்குப் படியெடுத்து அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் அவை இருக்கின்றன. தன் கொள்ளுத்தாத்தா பெங்களூரில் எந்த நாளில் தாலிகட்டாத கல்யாணம் செய்துகொண்டார் என்பதை மான்செஸ்டரில் இருப்பவர் ஒருவர் ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடுவார். இங்கே பெங்களூர் மர்பி டவுனில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

சரி, பத்திரிகை இல்லாத நம் கிராமத்தில் செய்தி எப்படிப் போனது? கல்யாணத்துக்கு வெற்றிலைபாக்கு வைத்து அழைத்தோம். சாவுக்கு ஆள் அனுப்பினோம். கேதம் சொல்லப் போவது, இழவு சொல்லப் போவது என்று ஊருக்கு ஊர் ஒரு வழக்கு. யார் போவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஊருக்குள் யாரைத் தாழ்த்தி வைத்திருந்தார்களோ அவர்கள் தலையில் அந்த வேலை விழுந்தது. வெயிலோ மழையோ, பத்து மைலோ இருபது மைலோ, நடந்து போய், வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, போட்டதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஊரார் அத்தனை பேருடைய சாவையும் ஊர் ஊராகச் சுமந்தவரின் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், அதைச் சொல்ல யாரும் அனுப்பப்படவில்லை.

1879இல் கால் அணா தபால் அட்டை வந்தது. தமிழ்நாட்டுச் சமூக வரலாற்றில் அந்தச் சிறிய அட்டைக்கு நாம் தரும் இடம் போதாது என்பது என் எண்ணம். துக்கச் செய்தியைக் கொண்டுபோகும் வேலையை ஒரு சாதியின் காலிலிருந்து சர்க்கார் தபால்காரரின் பைக்கு மாற்ற வழி பிறந்தது அதனால்தான். பழக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. பல ஊர்களில் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. ஆனாலும் வேறு வழி இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

தமிழில் அச்சான கிராமத்துப் பத்திரிகை என்றால் யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். 1841 ஜனவரி 7ஆம் தேதி உதயதாரகை அங்கே உதித்தது. அமெரிக்க மிஷன் நடத்திய இருமொழிப் பத்திரிகை. மாதம் இருமுறை வந்தது. மானிப்பாய் அச்சகத்தில் அச்சானது. கொழும்புபோல நகரமல்ல அது. பனங்காடும் தோட்டமும் குளமும் சூழ்ந்த தெல்லிப்பழை, உடுவில், வட்டுக்கோட்டை என்ற கிராமங்கள்தான் அதன் உலகம். கல்வி, விஞ்ஞானம், விவசாயம், அரசாங்கம், மதம் என்று எல்லாம் பேசிய பத்திரிகை, ஊர்ச் செய்திகளையும் போட்டது. வட்டுக்கோட்டை செமினரியில் படித்த பையன்களும் உடுவில் பெண்கள் பள்ளியில் படித்த பெண்களும் பல இடங்களுக்குப் பிரிந்து போயிருந்தார்கள். அவர்களை ஒரு குடும்பமாகக் கட்டி வைக்க அந்தப் பத்திரிகை தேவைப்பட்டது.

அதன் முதல் ஆசிரியர்களின் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். இருவரும் அசல் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளியில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கும் அமெரிக்கர், தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம் என்றிருந்தது. சிலர் தங்கள் போதகரின் பெயரை வைத்தார்கள். சிலர் இறந்துபோன தங்கள் உறவினரின் பெயரை வைத்தார்கள். நியூ இங்கிலாந்தில் செத்துப்போனவர் ஒருவரின் பெயரோடு யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை பள்ளிக்குப் போனது இப்படித்தான். பின்னாளில் ஆசிரியராக இருந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை இரண்டு பெயர்களையும் சேர்த்தே வைத்துக்கொண்டார். 1886இல் பாவலர் சரித்திர தீபகம் என்று தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தவரும் அவரே. பத்திரிகையில் அன்றாடம் மனிதர்களின் பெயரையும் தேதியையும் சரிபார்த்துப் பழகியவரிடமிருந்து அப்படியொரு நூல் வந்தது பொருத்தம்தான் என்று ஓர் ஆசிரியனாக எனக்குப் படுகிறது.

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் இதற்கு இணையாக இன்னொரு வழக்கம் உண்டு. இறந்தவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு 31ஆம் நாளில் உறவினருக்குக் கொடுப்பார்கள். அதன் பெயரே கல்வெட்டு. பேகூர்க் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தில் வம்சாவளி இருக்கும், புலம்பல் பாட்டு இருக்கும். கட்டாயம் ஒரு திதி வெண்பா இருக்கும். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றை இறந்தவரின் பெயரோடு நான்கு அடிக்குள் அடைத்த பாட்டு அது. பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டால் போதும், வருஷாவருஷம் திவச நாள் தவறாது. தேதியை ஒரு கவிதை வடிவத்துக்குள் பூட்டி வைத்த சமூகம் நம்முடையது. தமிழகத்திலும் புலவர்கள் சரமகவி பாடினார்கள். ஆனால் அவை பெரும்பாலும் பிரபுக்களுக்கும் ஆசான்களுக்கும் உரியவையாக இருந்தன. சாதாரணக் குடும்பமும் அச்சில் ஒரு புத்தகம் போட்டுக்கொள்ளும் பழக்கம் யாழ்ப்பாணத்தின் தனிச்சிறப்பு.

இனி நம் பக்கத்து வீடான கோலார் தங்கவயலுக்கு வருவோம். தாழ்த்தப்பட்டோரின் உரிமைக்காக எழுதிய அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19ஆம் தேதி சென்னை ராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது தமிழன் ஆனது. அதற்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் பறையன் என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்திக் காட்டியிருந்தார். தமிழனுக்குச் சென்னையில் மட்டுமல்லாமல் கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் வாசகர்கள் இருந்தார்கள். தங்கவயலின் மாரிக்குப்பத்தில், பண்டிதர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை சுறுசுறுப்பாக இயங்கியது. சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்த தமிழர்கள் பௌத்த முறையில் நடத்திய வாழ்க்கைச் சடங்குகளைப் பற்றிய செய்திகள் அந்தப் பத்திரிகையில் வந்தன. 1914இல் பண்டிதர் காலமான பின், 1920களில், தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் அதே பெயரில் தமிழனை நடத்தினார்.

அடுத்தவர் வீட்டுச் சாவைச் சொல்லி வா என்று துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள், தங்கள் வீட்டுக் கல்யாணத்தையும் சாவையும் தங்கள் பத்திரிகையில், தங்கள் செலவில் அச்சிட்டார்கள். கடைசிப் பக்கத்து அறிவிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று தேவையில்லை. வெளியே இருந்து கிடைக்கும் எந்த அங்கீகாரத்துக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. நாங்கள் இருந்தோம், இந்த நாளில் மணமுடித்தோம், இவரை இழந்தோம் என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

கல்யாணச் செய்திக்கும் இப்படியொரு வலு உண்டு. தி இந்துவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் சுதேசமித்திரன் நிறுவனருமான ஜி. சுப்பிரமணிய ஐயர், சிறுவயதிலேயே விதவையான தம் மகள் சிவப்பிரியம்மாளுக்கு 1889 டிசம்பரில், பம்பாய்க் காங்கிரஸ் கூடிய சமயத்தில், மறுமணம் செய்து வைத்தார். உறவும் சாதியும் அவரை ஒதுக்கின. மூடிய கதவுக்குள் நடத்தியிருந்தால் இத்தனை எதிர்ப்பு வந்திராது. எல்லாரும் அறிய நடத்தினார். அதனால் அது ஒரு வீட்டு விசேஷம் என்ற எல்லையைத் தாண்டிப் போனது. பின்னால் 1925இல் பெரியார் தொடங்கிய குடிஅரசு இதழில் சுயமரியாதைத் திருமணச் செய்திகள் தொடர்ந்து வந்ததும் இதே காரணத்தால்தான். அந்தத் திருமணங்களை 1967இல்தான் சட்டம் ஏற்றது. அவற்றில் புரோகிதரும் இல்லை, அக்கினியும் இல்லை. அதுவரை, கூடியிருந்தவர்களும் பத்திரிகையில் வந்த செய்தியுமே சாட்சி.

கல்யாணத்தை இப்படி ஊரறியச் சொல்வதைக் கிறிஸ்தவ வீடுகளில் ஓலை வாசிப்பது என்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மணமக்களின் பெயரை வாசித்து, தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவதும் அதே எண்ணத்தில் வந்ததுதான். சாதி மாறிக் காதலித்தவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடிகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஊரறியச் சொல்வது எப்போதும் நன்மையே என்று சொல்ல மாட்டேன்.

சொல்லவே பயந்த காலமும் நம் ஊரில் இருந்தது. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்கு பிளேக் வந்தது. பிளேக் பரவிய நகரங்களில் எல்லாம் அதிகாரிகள் வீட்டைக் காலிசெய்து, நோயாளியையும் கூட இருந்தவர்களையும் முகாமுக்கு அனுப்புவார்கள் என்ற அச்சத்தில் குடும்பங்கள் சாவை மறைத்தன. அழுகைச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அந்த ஆண்டுகளில் போனவர்கள் சர்க்கார் அறிக்கைகளில் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். இன்று நகரில் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்களுக்குப் போய்க் கும்பிடுகிறோம். யாருக்காக அம்மனிடம் முதலில் ஓடி வந்தோமோ அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

சர்க்கார் பதிவு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் 1837இல் குடிமைப் பதிவு தொடங்கியது. இந்தியாவில் 1886இல் ஒரு சட்டம் வந்தும் அது விரும்பியவர்களுக்கானதாகவே பெரும்பாலும் இருந்தது. நாடு முழுக்க ஒரே சட்டம் 1969இல்தான். உங்கள் பாட்டியின் பிறந்த தேதியைக் கேட்டுப் பாருங்கள். பெரிய புயல் அடித்த வருஷம், ஐப்பசி மாசம் என்ற பதில்தான் பல வீடுகளில் கிடைக்கும்.

இதோடு நம் பழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையைப் பூஜை அறையில் வைக்கிறோம், பெட்டியில் பத்திரப்படுத்துகிறோம். கருமாதிப் பத்திரிகை வந்தால் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுகிறோம். வீட்டுக்குள் வைக்கக் கூடாதாம். அதனால் தமிழ் வீடுகளில் மணந்த தேதி கிடைக்கிறது, மறைந்த தேதி கிடைப்பதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தாரே, அவருக்கு இருந்த துணிச்சல் நமக்கு வேண்டும். ஈழத்து நூலகம் இணையதளத்தில் கல்வெட்டுப் புத்தகங்களும் நினைவு மலர்களும் படியெடுத்து ஏற்றப்பட்டு, யாரும் படிக்கும்படி இருக்கின்றன. போரில் வீட்டை இழந்த குடும்பங்கள் அதில் தங்கள் தாத்தாவைக் கண்டுபிடிக்கின்றன.

இன்றைய நிலைமை வேடிக்கையானது. அல்சூர்ச் சந்து முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இரண்டு மழை தாங்காது. மற்றபடி வாட்ஸ்ஆப். “அப்பா இன்று காலை தவறிவிட்டார். மாலை 4 மணிக்குக் கல்பள்ளி மயானம்.” எந்த அப்பா? எந்த வருஷத்து இன்று? அன்றைக்கு அது போதும்; செல்போன் மாறும்போது அதுவும் போய்விடும். தமிழ் வருஷத்தை மட்டும் போடுவதிலும் சிக்கல் உண்டு. விகாரி வருஷம் என்றால் 1899ஆ, 1959ஆ, 2019ஆ? அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அது திரும்பி வந்துவிடும். கல்யாணப் பத்திரிகையிலோ இருபுறமும் உள்ள ஆண்களின் பட்டமும் பதவியும் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொள்கின்றன. மணமகளின் தாய் இன்னும் திருமதி இன்னார்தான். கேப்டனின் மனைவிக்குப் பெயர் போடாத அந்தப் பழைய பத்திரிகையை நாம் குறை சொல்ல முடியாது.

ஆகவே அடுத்த இதழிலிருந்து நம் கடைசிப் பக்கத்தில் சில மாற்றங்கள். திருமணமோ மரணமோ, நீங்கள் அனுப்பும் அறிவிப்பில் முழுப் பெயர், பெற்றோர் இருவரின் பெயர், பிறந்த ஊர், பெங்களூரில் வாழ்ந்த பகுதி, செய்த வேலை, ஆங்கில ஆண்டோடு முழுத் தேதி ஆகியவை இருக்க வேண்டும். பெண்ணின் பெயரைப் பெண்ணின் பெயராகவே எழுதுங்கள். இன்னாரின் மனைவி என்பது அதற்குப் பிறகு வரட்டும். வேலை என்ற இடத்தில் கூச்சப்பட்டு எதையும் மறைக்காதீர்கள். கட்டட வேலை, வீட்டு வேலை, மாநகராட்சித் துப்புரவு வேலை எதுவானாலும் அப்படியே அச்சாகும். கட்டணம் கட்ட முடியாதவர்கள் எழுதித் தெரிவித்தால் போதும், அறிவிப்பு இலவசமாக வரும்.

இன்னொரு வேண்டுகோள். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், இரங்கல் நோட்டீசு, தங்கவயல் காலத்துச் சங்க ரசீது என்று எது கிடைத்தாலும் கிழிக்காதீர்கள். படம் எடுத்து, யாருடையது என்று நான்கு வரி எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இந்த வாரமே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களின் அம்மா பெயரையும் பாட்டி பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்